மேல் கட்டிலுக்குப் போன ஒயர்

காது பரிசோதனை செய்கிற வேலையில் சின்னவளுக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து உட்காருவாள். "சத்தம் கேட்டா அழுத்துங்க. ரொம்பச் சின்னதா கேட்டாலும் அழுத்துங்க" என்பாள். முதலில் வலது காது, அடுத்தது இடது காது. ஒரு காதுக்கு அனுப்புகிற சத்தம் இன்னொரு காதுக்குப் போகாது. இதை ஒரு நாளைக்குப் பதினைந்து பேருக்காவது வாய் வலிக்க விளக்குகிறவள்தான். தன் விஷயத்தில் மட்டும் அது முப்பத்திரண்டு வருஷம் அவள் மண்டையில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வருகிற குழந்தைகளுக்கு அவள் 'பீப் ஆன்ட்டி'. வீட்டில் அவள் சின்னவள், அவளுடைய அக்கா பெரியவள். இரண்டு பேருக்கும் இரண்டு வயசு வித்தியாசம்.

அவர்கள் வளர்ந்த வீட்டில் இரண்டே அறைகள். அப்பாவுக்கு ஒரு கிடங்கில் இரவுக் காவல் வேலை. காலையில் வந்து படுத்தால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பார். அவர் தூங்கினால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்பது இரண்டு பெண்களுக்கும் நடக்கப் பழகும்போதே தெரிந்துவிட்டது. கதவை லேசாகத் தூக்கிச் சாத்துவார்கள். குழாயின் அடியில் துணியைப் போட்டுத்தான் தண்ணீர் பிடிப்பார்கள். சண்டைகூட வாயைத் திறக்காமல்தான். ஒருத்தி கையை ஓங்க, இன்னொருத்தி பழிப்புக் காட்ட, அப்பா அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் இரண்டு பேரும் அப்படியே சிலையாகிவிடுவார்கள்.

அம்மாவுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. தங்க வருகிறவர்களின் துணிகளை மெஷினில் போடும் முன் ஒவ்வொரு பாக்கெட்டாகத் துழாவிப் பார்க்க வேண்டும். பேனா, சீப்பு, சாவி, மூக்குக் கண்ணாடி, ஒரு தடவை ஒரு பல் செட். கிடைத்ததைத் தேதி எழுதி ஒரு பெட்டியில் போட வேண்டும். மூன்று மாதத்தில் யாரும் தேடி வராவிட்டால் எடுத்தவருக்கே அது சொந்தம். இதெல்லாம் சரிதான். ஆனால் வேலை முடிந்து வெளியே வரும்போது வாசலில் ஒரு காவல்காரி அம்மாவின் கைப்பையைத் திறந்து கிளறுவாள். கையை விரித்து நிற்கச் சொல்லி இடுப்பையும் தடவிப் பார்ப்பாள். தினமும். பத்தொன்பது வருஷம் அம்மா அப்படிக் கையை விரித்து நின்றாள். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு சட்டம் மட்டும் போட்டிருந்தாள்: இந்த வீட்டில் ஒருத்தர் பைக்குள் இன்னொருத்தர் கையை விடக் கூடாது. அப்பாவின் சட்டையைத் துவைக்கும்போதுகூட, "பாக்கெட்டைக் காலி பண்ணிக் குடுங்க" என்று அவரிடமே நீட்டுவாள். நாள் முழுக்க ஊரார் பாக்கெட்டைத் துழாவுகிறவள், தன் வீட்டுக்காரர் பாக்கெட்டைத் தொட மாட்டாள்.

சின்னவளுக்குப் பதினாலு வயசானபோது அம்மா ஒரு கேசட்டைக் கொண்டுவந்தாள். ஒரு தடித்த ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் இருந்திருக்கிறது. அம்மாவின் கைக்கே தப்பி, மெஷினில் ஒரு சுற்று போய், சோப்பு நுரையோடு வெளியே வந்ததாம். மூன்று மாதம் பெட்டியில் கிடந்தும் யாரும் கேட்கவில்லை. மேலே ஒட்டியிருந்த காகிதம் கூழாகிப் போய்விட்டது. யார் பாடியது, என்ன பேர், ஒன்றும் தெரியவில்லை.

"தூக்கிப் போட மனசு வரல" என்றாள் அம்மா. "பாடினா கேளுங்க, பாடலைன்னா ரிப்பனை எடுத்து விளையாடுங்க."

கையில் ஒரு ஸ்குரூ டிரைவர் கிடைத்தால் உலகத்தையே பிரித்துப் பார்க்கிறவள் சின்னவள். ஐந்து ஆணிகளையும் கழற்றி, ரிப்பன் சுருளை ஜன்னலோரம் வைத்து நாலு நாள் உலர்த்தி, மறுபடி பூட்டினாள். போட்டுக் கேட்க அப்பாவிடம் ஒரு வாக்மேன் இருந்தது. வேலையிடத்தில் ரேடியோ கேட்பதற்காக வைத்திருந்தார். பகலில் அவர் தூங்கும்போது அதுவும் சும்மாதான் இருக்கும்.

கேட்பதில்தான் சிக்கல். சத்தமாக வைக்க முடியாது. இயர்போன் ஒன்றுதான், அதன் ஒயரோ குட்டை. இவர்கள் படுப்பது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய இரட்டைக் கட்டிலில், மேலே அக்கா, கீழே சின்னவள். ஒரே கட்டிலில் இரண்டு பேர் ஏறினால் அது போடுகிற கிரீச்சில் அப்பா எழுந்துவிடுவார். சின்னவள் யோசித்தாள். ஒரு பிளேடை எடுத்து இயர்போன் ஒயரை நடுவில் கீறி, கீழே வரைக்கும் இரண்டாகப் பிரித்தாள். மேலே போகிற ஒயர் எட்டவில்லை. பழைய டெலிபோன் ஒயரில் ஒரு முழம் வெட்டி ஒட்டுப் போட்டாள். அவ்வளவுதான், மேல் கட்டிலுக்கு ஒரு காது, கீழ்க் கட்டிலுக்கு ஒரு காது. அப்பா அதைப் பார்த்துவிட்டுத் திட்டுவார் என்று பயந்தார்கள். அவர் சந்தோஷப்பட்டார். "டூட்டியில ஒரு காது சும்மா இருக்கணும்னுதானே நான் ஒண்ணை மட்டும் மாட்டுறேன், நல்லதாப் போச்சு" என்றார்.

முதல் நாள் கேட்டதை இன்றைக்கும் சின்னவளால் சொல்ல முடியும். முதலில் வெறும் இரைச்சல். சரி, தண்ணீர் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விட்டது என்று நினைத்தாள். அப்புறம் ஒரு கிட்டார், தகரத்தைக் கிழிக்கிற மாதிரி. அதன் பின்னாலேயே டிரம்ஸ் இறங்கியது. ஒரு ஆள் பாடத் தொடங்கினான். பாடினான் என்றா சொல்வது, அவனுக்கு யார் மேலோ கோபம், அதை அவன் மறைக்கவே இல்லை. கோபத்தை வாயை மூடிக்கொண்டு காட்டுகிற வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்? உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒருவன் இவ்வளவு சத்தமாகக் கத்துகிறான், பக்கத்து அறையில் அப்பா குறட்டை விடுகிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மேலே பார்த்தாள். அக்கா கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டு, கண்ணை அகல விரித்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொத்தம் ஒன்பது பாட்டு. இங்கிலீஷ்தான், ஆனால் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் அதில் பாதிகூடத் தாங்கவில்லை. பேர் தெரியாததால் இவர்களே பேர் வைத்தார்கள். ஒருவன் விடாமல் ஊளையிடுகிற பாட்டுக்குப் 'பல்வலி'. மெதுவாக ஏறி ஏறிப் போகிற பாட்டுக்குப் 'படிக்கட்டு'. இரண்டு பேருக்கும் உயிர் படிக்கட்டுதான். கட்டில் சட்டத்தை ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி போடு என்று அர்த்தம். அக்கா தட்டிக்கொண்டே இருப்பாள்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. பள்ளி விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு கட்டில், ஆளுக்கொரு காது. சில சமயம் மேலே அக்காவின் விரல் சட்டத்தில் தாளம் போடும். அது சின்னவள் கேட்கிற பாட்டோடு ஒட்டவே ஒட்டாது. பாட்டு நிற்கிற இடத்தில் விரல் ஆடும், டிரம்ஸ் அதிர்கிற இடத்தில் விரல் சும்மா கிடக்கும். 'தாள ஞானம் இவளுக்கு மருந்துக்கும் இல்லை' என்று சின்னவள் நினைத்துக்கொள்வாள். அக்காவின் மனசு புண்படுமே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விஷயம் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். நல்லவளாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

அப்புறம் ஒரு நாள் வாக்மேன் ரிப்பனைத் தின்றது. சின்னவள் எவ்வளவோ பக்குவமாக இழுத்தும் கசங்கி, சுருண்டு, இரண்டு மூன்று இடத்தில் அறுந்து வந்தது. ஒட்டிப் பார்த்தாள். ஊளை மட்டும்தான் வந்தது, எல்லாப் பாட்டும் பல்வலி ஆகிவிட்டது. அக்கா ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஹோட்டலில் வேலை செய்கிறவர்களின் குடும்பங்களுக்கு ஆண்டு விழா வந்தது. பாடத் தெரிந்த பிள்ளைகள் பாடலாம் என்றார்கள். அக்கா பள்ளியின் மியூசிக் ரூமில் கிட்டார் பழகியிருந்தாள். "நாம படிக்கட்டு பாடலாம்டி" என்றாள். "இப்பவே பாடி வச்சுக்கிட்டாதான் உண்டு. இல்லேன்னா ஒவ்வொண்ணா மறந்துடும்." கேசட் போய்விட்டது, இனி அந்த ஒன்பது பாட்டும் இருப்பது இவர்கள் இரண்டு பேர் தலைக்குள் மட்டும்தான். அது இரண்டு பேருக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது.

ஒத்திகைக்கு அம்மா சலவைப் பிரிவின் துணி அறையைக் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். நாலு சுவரும் அலமாரி, அலமாரி முழுக்க மடித்த வெள்ளை விரிப்புகள். எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது. சின்னவள் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு டிரம்ஸ் ஆக்கிக்கொண்டாள். அந்தப் பாட்டை இரண்டு பேரும் வாய்விட்டுப் பாடுவது அதுதான் முதல் தடவை.

அக்கா முதல் வரியைப் பாடினாள். வரி முடிந்ததும் சின்னவள் தொட்டியில் தட்டப் போனாள். அதற்குள் அக்கா குரலை மாற்றி, மெல்லிசாக, பெண் குரலில் ஒரு பதில் பாடினாள். சின்னவள் கையை நிறுத்தினாள்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"எது?"

"இப்ப பாடினியே, பதில் மாதிரி ஒண்ணு."

"அந்தப் பொண்ணு பாடுறதுதான்."

"எந்தப் பொண்ணு?"

அக்கா சிரித்தாள். "விளையாடாதடி. அவன் ஒரு வரி பாடுவான், அவ பதில் பாடுவா. பாட்டு பூரா அப்படித்தானே. நீ என்ன, அந்த இடத்துல போய்த் தட்ட வர்ற?"

"அங்க டிரம்ஸ்தான் வரும். டிரம்ஸ் மட்டும்தான்."

"அங்க டிரம்ஸே கிடையாது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அடுத்த பாட்டை எடுத்தார்கள், அதிலும் இதே கதை. அக்காவுக்குத் தெரிந்த ஒரு ஆர்கன் சின்னவளுக்குத் தெரியாது. சின்னவளுக்குத் தெரிந்த கைத்தட்டல் அக்காவுக்குத் தெரியாது. நாலாவது பாட்டில் சின்னவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. வந்ததும் முகம் கறுத்தது.

அக்காவுக்கு ஒரு சிநேகிதி உண்டு. வசதியான வீடு, ரெக்கார்டு பிளேயரும் ஒரு அலமாரி நிறைய ரெக்கார்டும் இருக்கிற வீடு. சனிக்கிழமையானால் படிக்கப் போகிறேன் என்று அக்கா அங்கேதான் போவாள். சின்னவள் இரண்டையும் இரண்டையும் கூட்டி ஐந்து என்று முடிவு கட்டிவிட்டாள்.

"நீ நிஜ ரெக்கார்டைக் கண்டுபிடிச்சுட்ட. அவ வீட்டுல உக்காந்து முழுசாக் கேட்டிருக்க. கேசட்டுல இல்லாததெல்லாம் அதுல இருக்கு. பேரும் உனக்குத் தெரியும். எங்கிட்ட மறைக்கிற."

"பைத்தியமாடி உனக்கு? அப்படி ஒண்ணு கிடைச்சா உங்கிட்ட சொல்லாம இருப்பேனா?"

"அப்ப அந்தப் பொண்ணு குரல் எங்கேர்ந்து வந்துச்சு, சொல்லு."

"நீ கேட்ட அதே கேசட்டுலேர்ந்து."

"பொய்."

இரண்டு பேரும் சொன்னது நிஜம். அந்தக் காலத்தில் ரெக்கார்டு செய்தவர்கள் பாடுகிறவன் குரலை இரண்டு பக்கத்திலும் வைத்துவிட்டு, மற்றதில் ஒரு சத்தத்தை ஒரு பக்கத்திலும் இன்னொன்றை மறு பக்கத்திலும் வைத்திருந்தார்கள். அதில் ஒரு பக்கத்தை மேல் கட்டிலுக்கும் மறு பக்கத்தைக் கீழ்க் கட்டிலுக்கும் அனுப்பியது சின்னவளின் பிளேடுதான். அது அப்போது யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் ஒரு காரியம் செய்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். அக்காவின் பள்ளிப் பையை எடுத்துத் தலைகீழாகக் கொட்டினாள். ரெக்கார்டோ, பேர் எழுதிய ஒரு துண்டுக் காகிதமோ, ஏதாவது இருக்கும் என்று நோட்டு நோட்டாக உதறினாள். அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்மா அப்போதுதான் வாசல் சோதனை முடிந்து வீட்டுக்குள் நுழைந்திருந்தாள், கைப்பைகூட இன்னும் தோளில்தான். பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா தடுக்கவில்லை. பையைக் கொட்டி முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இரண்டு கையையும் அகல விரித்து, சின்னவளின் முன்னால் வந்து நின்றாள்.

"இங்கயும் பாரு" என்றாள்.

பையில் ஒன்றும் இல்லை. அதற்கப்புறமும் சின்னவள் நம்பவில்லை, அதுதான் கொடுமை. எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தாள். அம்மா குனிந்து ஒவ்வொரு நோட்டாக எடுத்துப் பைக்குள் வைத்தாள். யாரையும் திட்டவில்லை. விழாவில் இவர்கள் பாடவில்லை.

அடுத்த வருஷம் அக்கா பஸ் டிப்போவில் ஒரு வேலையில் சேர்ந்து வேறு ஊருக்குப் போனாள். போகப் போக லைசென்ஸ் எடுத்து, டிரைவர் ஆனாள். நகரத்துக்குள் நீளமான பஸ் ஓட்டுகிறவள். சின்னவளும் படித்து, வேலை கிடைத்து, அதே நகரத்துக்கு வந்து சேர்ந்தாள். தபால் ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு சாதுவைக் கல்யாணம் செய்துகொண்டாள், ஒரு பெண் பிறந்தாள். அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியது அக்காதான். அம்மா படுக்கையில் விழுந்தபோது இரண்டு பேரும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கிறவர்களுக்கு என்ன குறை தெரியும்? ஆனால் எந்த வீட்டிலாவது யாராவது ஒரு பாட்டைப் போட்டால் அக்காவுக்கு உடனே தண்ணீர் தாகம் எடுக்கும், எழுந்து உள்ளே போய்விடுவாள். கிட்டாரை அவள் அப்புறம் தொடவே இல்லை. அவள் வீட்டில் ஒரு ரேடியோகூடக் கிடையாது. எல்லாரும் அது அவளுடைய சுபாவம் என்று விட்டுவிட்டார்கள்.

சின்னவள் அந்த ரெக்கார்டைத் தேடாத கடை இல்லை. கடைக்காரர்களிடம் முனகிக் காட்டுவாள். அவர்கள் பாவம் என்று பார்ப்பார்கள். போனிடம் பாடிக் காட்டினால் பேர் சொல்லும் என்று மகள் சொல்ல, அதையும் செய்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் போன் வேறு ஏதோ ஒரு பேரைச் சொன்னது. பாதிப் பாட்டை வைத்துக்கொண்டு முழுப் பாட்டை எங்கே தேடுவது? தன்னிடம் இருப்பது பாதிதான் என்பது அவளுக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு தச்சர் பரிசோதனைக்கு வந்தார். எழுபது வயசிருக்கும், கூடவே மனைவி. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இடது காது சுத்தமாக அடைத்துவிட்டது. பரிசோதனை முடிந்ததும் அவர் கிளம்பாமல் நின்றார்.

"எனக்கு ஒரு பாட்டு உசிரும்மா. அதுல அவன் ஒண்ணு கேப்பான், அவ பதில் சொல்லுவா. இப்ப அவன் மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கான். பதிலே வரல."

"ஹெட்போன் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு ஹெட்போனைப் பிரிச்சுப் போட்டுட்டார்" என்றாள் மனைவி. "மூணாவது வாங்கணுமாம்."

"வேண்டாம் ஐயா, ஹெட்போன் நல்லாத்தான் இருக்கும்" என்றாள் சின்னவள், ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டே. "பழைய ரெக்கார்டுல சில குரலை ஒரு பக்கமா மட்டும் வச்சிருப்பாங்க. உங்களுக்கு இடது காது கேக்காததால அந்தப் பக்கத்துக் குரல் வரல. அவ பாடிக்கிட்டுதான் இருக்கா. உங்களுக்குத்தான் கேக்கல."

தச்சர் தலையாட்டினார். சின்னவள் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அடுத்தவரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. தான் சொன்னது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது.

அன்றைக்கு மீதி வேலையை எப்படி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கிற சத்தம் இந்தப் பக்கம் இவளுக்குக் கேட்காது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேர் அழுத்தியிருப்பார்கள்? முன்பின் தெரியாத ஒருவரிடமாவது அவள் 'பொய் சொல்றீங்க' என்றிருக்கிறாளா? கேட்டது என்றால் கேட்டதுதான் என்று தாளில் புள்ளி வைத்துக்கொண்டு போவாள். கூடப் பிறந்தவளிடம் மட்டும் பையைக் கொட்டிப் பார்த்தாள்.

மறுநாள் மதியம் அக்காவின் பஸ் கடைசி நிறுத்தத்தில் வந்து நிற்கிற நேரம் பார்த்துப் போனாள். வெறுங்கையோடு போகவில்லை. பரிசோதனைத் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டிருந்தாள். இரட்டைக் கட்டில், இரண்டு ஒயர், இரண்டு காது, எந்தப் பக்கம் எந்தக் குரல் என்று அம்புக்குறியோடு. ஆஸ்பத்திரி முத்திரை ஒன்றுதான் பாக்கி.

அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். பஸ் காலி.

"என்னடி இந்நேரத்துல? குழந்தைக்கு ஏதாவதா?" என்றாள். மகளுக்கு இருபது வயசாகியும் அக்காவுக்குக் குழந்தைதான்.

"ஒண்ணும் இல்ல. உன்னைப் பார்க்கத்தான்." சின்னவள் ஏறி, முதல் சீட்டில் உட்கார்ந்து, தாளை நீட்டினாள். தச்சரிலிருந்து ஆரம்பித்து பிளேடு, டெலிபோன் ஒயர் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். "நீ பொய் சொல்லலக்கா. நானும் சொல்லல. ரெண்டு பேரும் பாதிப் பாதி கேட்டிருக்கோம். எல்லாம் நான் பிரிச்ச ஒயரால வந்தது."

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். "நல்லா வரைஞ்சிருக்க" என்று திருப்பிக் கொடுத்தாள். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"இதுதான். பதினஞ்சு வருஷம் இருக்கும். பழைய பஸ் ஒண்ணுல இந்தப் பக்கத்து ஸ்பீக்கர் அவுட்டு. பாட்டு போட்டா பாடுறவன் காணோம், வெறும் வாத்தியம் மட்டும் ஓடுது. மெக்கானிக் வந்து ஒயரை ஒட்டினான், பாடுறவன் வந்துட்டான். அன்னிக்கே புரிஞ்சுபோச்சு."

"பதினஞ்சு வருஷமா? ஏன்க்கா எங்கிட்ட சொல்லல? ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே."

அக்கா டப்பாவைப் பைக்குள் வைத்து, பையின் வாயை இழுத்து மூடினாள்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்ப. ஸ்பீக்கரை நம்பியிருப்ப. மெக்கானிக்கை நம்பியிருப்ப. நேத்து தச்சரை நம்பினியே, அந்த மாதிரி." கோபமாகச் சொல்லவில்லை, வழி கேட்கிற பயணிக்குச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். "இது ஒண்ணும் இல்லாம, சும்மா, அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஒரு நாள் நீ வருவேன்னு இருந்தேன். படமெல்லாம் போட்டுக்கிட்டு வந்திருக்க."

சின்னவள் தாளை நாலாக மடித்தாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். "தப்பு பண்ணிட்டேன்க்கா" என்றாள். வேறு என்ன சொல்ல? வருகிற வழியில் யோசித்து வைத்த வாக்கியங்கள் எல்லாம் ஒயரைப் பற்றியவை.

"சரி விடு" என்றாள் அக்கா. மணி பார்த்தாள். கதவைத் திறந்தாள், வெளியே நின்றவர்கள் ஏறினார்கள். "இறங்குறியா, வர்றியா?"

சின்னவள் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, மதியம் வர முடியாது என்றாள். பஸ் கிளம்பியது. நாலைந்து நிறுத்தம் போய்க் கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் சின்னவள் சீட்டின் விளிம்புக்கு நகர்ந்தாள். முப்பத்திரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த மீதிப் பாதி இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, படிக்கட்டுல அந்தப் பொண்ணு என்ன பாடுவா? எனக்காக ஒரே ஒரு தடவை மெதுவாப் பாடிக் காட்டேன்."

சிக்னல் சிவப்பாக இருந்தது. அக்கா ரோட்டைப் பார்த்தாள். உதடு ஒரு தடவை அசைந்து நின்றது.

"மறந்துபோச்சுடி" என்றாள். "அவ ஏதோ பாடுவா, அது ஞாபகம் இருக்கு. என்ன மெட்டுன்னு வரமாட்டேங்குது. எப்பவோ போயிடுச்சு."

சின்னவள் மேலே இருந்த கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். நிஜமாகவே மறந்துவிட்டதா? இல்லை, உனக்கு எதற்கு என்று மறைக்கிறாளா? உயிராக இருந்த பாட்டு எப்படி மறக்கும்? கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்கா கண்ணாடியில் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிக்கா" என்றாள் சின்னவள். "மறந்துதான் போயிருக்கும்."

பச்சை விழுந்தது. அக்கா கியரைப் போட்டாள்.